சரியாயிடுச்சு, நன்றி

கடைசி நிறுத்தம். கை பிரேக்கை இழுக்கிறார், கதவுகளைத் திறந்துவிடுகிறார், சாப்பாட்டுப் பைக்குள் குப்புறக் கிடக்கும் கைப்பேசியை எடுக்கிறார். அடுத்த நடை கிளம்பப் பதினோரு நிமிடம் இருக்கிறது. அதற்குள் அவருடைய வலது கட்டை விரல் நாற்பது பேருக்குக் கட்டை விரல் உயர்த்திவிடும், பத்துப் பேருக்குக் கை கூப்பிவிடும், நாலு பேருக்கு ‘சூப்பர்’ போட்டுவிடும். அந்த ஐம்பத்து நாலு பேரும் என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

“அதெல்லாம் படிச்சுக்கிட்டு இருந்தா வண்டியை யாரு தம்பி எடுக்கிறது?”

பேருந்து ஓட்டுநர். இதே தடத்தில் பதினேழு வருடம். என் அலுவலகம் கடைசி நிறுத்தத்துக்கு எதிரில் இருப்பதால், மாலையில் அவருடைய வண்டியில் முதலில் ஏறுகிறவன் நான்தான். ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர் மூன்றாவது மாடி, நான் முதல் மாடி. வந்த புதிதில், இந்த ஊரில் எந்த வண்டி எங்கே போகும் என்று தெரியாமல் நின்ற என்னை முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுபிடித்து, “ஏறுங்க தம்பி, எங்க போனாலும் கடைசியில நான் வீட்டுக்குத்தான் போறேன்” என்றவர்.

அவருடைய இருக்கையில் ஒரு மெத்தை இருக்கும். பழைய திரைச்சீலையை வெட்டி அவர் மனைவி தைத்துக் கொடுத்தது, பூப்போட்டது. சக ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். “இடுப்புக்கு என்னய்யா தெரியும், பூவா கோடான்னு” என்பார். தடி ஊன்றி ஏறுகிறவர்கள் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். உட்கார்ந்த பிறகுதான் சக்கரம் உருளும். சக்கரம் உருளும்போது கைப்பேசி பைக்குள்தான். அது அவருடைய சத்தியம். ஒவ்வொரு நடை முடிந்ததும் எழுந்து, கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து குனிந்து அடியில் பார்ப்பார். குடை, கையுறை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஒருமுறை செயற்கைப் பல் வரிசை ஒன்று கிடைத்தது. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, மூன்று நாள் பத்திரமாக வைத்திருந்து, உரியவர் வாயில் சேர்த்தார்.

இத்தனை கவனமான மனிதர் கைப்பேசியைத் தொட்டதும் வேறு ஆளாகிவிடுவார்.

‘பழுது பார்ப்போம்’ என்று ஒரு குழு இருக்கிறது. வீட்டில் கெட்டுப்போனதைத் தூக்கி எறிய மனம் வராத தமிழர்கள் பதினேழாயிரம் பேர், ஒருவருக்கு விடிகிற நேரத்தில் இன்னொருவருக்கு இருட்டுகிற தேசங்களில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பேசிக்கொள்கிறார்கள். நானும் அதில் ஒருவன். அதைத் தொடங்கி நடத்துகிறவர் ஓர் எலெக்ட்ரீஷியன். ‘மின்சாரம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். குழுவின் உச்சியில் அவர் ஒரு அறிவிப்பைக் குத்தி வைத்திருக்கிறார். ‘பொருள் சரியானதும் திரும்பி வந்து மூணு வரி எழுதுங்க. எது பழுது? என்ன செஞ்சீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு? நாளைக்கு இன்னொருத்தர் இதையே தேடிக்கிட்டு வருவார்.’ ஆறு வருடமாக நம் ஓட்டுநர் அந்த அறிவிப்பைத் தாண்டித்தான் உள்ளே போகிறார், வாசல்படியைக் குனிந்து பார்க்காமல் தாண்டுகிற மாதிரி.

அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

“ஹீட்டர் ஓடல. என்ன பண்ணலாம்?”

மின்சாரம் பொறுமையாகக் கேட்பார். “எந்த மாடல் அண்ணா?”

“வெள்ளை.”

“ஒரு படம் எடுத்துப் போடுங்க.”

படம் வரும். அடுக்களைத் தரை, ஹீட்டரின் ஒரு மூலை, நடுநாயகமாக அவருடைய இடது பாதம்.

“கால் நல்ல கண்டிஷன்ல இருக்கு அண்ணா. ஹீட்டரையும் கொஞ்சம் காட்டுங்க.”

அந்தக் கேலிக்கும் ஒரு கட்டை விரல் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். இருபது பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வயரைப் பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள், தூசி தட்டுங்கள், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆனது என்று ஆளுக்கொரு யோசனை. மூன்றாம் நாள் கடைசி நிறுத்தத்திலிருந்து ஒரு வரி வரும்: ‘சரியாயிடுச்சு, நன்றி.’ பக்கத்தில் ஒரு கை கூப்பல். அவ்வளவுதான். இருபது யோசனையில் எது பலித்தது என்பது அவருக்கும் அந்த ஹீட்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஒருநாள் வேலையற்ற மதியத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், சோபாவின் கால், மடங்காத குடை என்று அறுபத்து மூன்று கேள்விகள். அறுபத்து மூன்றுக்கும் அதே முடிவுரை. குழுவில் அவருக்கு ‘சரியாயிடுச்சு அண்ணன்’ என்று பெயர். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, “மிஸ்டர் சரியாயிடுச்சு” என்று மரியாதையாக விளித்திருக்கிறார்.

இரங்கல் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். வேடிக்கையாக எழுதும் பழக்கமுள்ள ஒருவர் ஒரு காலையில், ‘பதினெட்டு வருடம் எங்கள் குடும்பத்துக்காக இரவு பகல் பாராமல் உழைத்தவர் நேற்று எங்களை விட்டுப் பிரிந்தார்’ என்று தொடங்கி நீளமாக எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில் அது துணி துவைக்கும் மெஷின் என்று தெரிந்துவிடும். நம்மவர் இரண்டாம் பத்திக்குப் போகிற ஆள் இல்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டார். அவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். மாலைக்குள் நாற்பத்திரண்டு இரங்கல்கள். ஒருவர் அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டினார். கடைசியில் மெஷினின் புகைப்படத்தைப் போட்டு, “அன்னார் இவர்தான்” என்று எழுத வேண்டியதாயிற்று. அதற்கும் நம்மவர் கை கூப்பினார்.

நான் இதைப் பற்றி அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன் நாலு தடவை படித்து, ஐந்தாவது தடவை அனுப்பாமலே விட்டுவிடுகிற என் போன்றவனுக்கு அவருடைய தைரியம் உண்மையிலேயே புரியவில்லை. அப்போது எதிரே இன்னொரு பேருந்து வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலை மட்டும் உயர்த்தி இறக்கினார். அந்த ஓட்டுநரும் உயர்த்தினார்.

“பார்த்தீங்களா? அவன் வீட்டுக் கதை பூரா கேட்டுட்டா கையைத் தூக்குறேன்? நான் இருக்கேன், நீயும் இருக்க. அவ்ளோதான். விரல் போடுறதும் அதான்.”



*

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, நான் நிறுத்தத்தில் நின்றபடி குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஐந்து வருடத்துக்கு முந்தைய கேள்வி ஒன்று மேலே வந்திருந்தது. ‘கட்டில் இறங்கல. என்ன பண்ணலாம்?’ என்பது கேள்வி. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் ஏறி இறங்கும் நோயாளிக் கட்டில். மின்சாரம் துருவித் துருவிக் கேட்டதில் கட்டிலின் மாடலும், ரிமோட் விளக்கு மினுக்குவதும் கீழே பதிவாகியிருந்தன. அதன் அடியில், வேறு தேசத்தில் இருக்கும் ஒரு பெண் புதிதாக எழுதியிருந்தார். தையல் வேலை செய்கிறவராம்.

‘அண்ணா, வணக்கம். எங்க அப்பாவுக்கு இதே கட்டில். தலைப்பக்கம் மேலேயே நின்னுடுச்சு. கால் பக்கம் வேலை செய்யுது, ரிமோட்ல விளக்கு ரெண்டு தடவை மினுக்கி அணையுது. உங்களுக்கு வந்த அதே பழுது. அப்பாவால திரும்பிப் படுக்க முடியாது. ரெண்டு ராத்திரியா உட்கார்ந்துக்கிட்டே இருக்கார், முதுகுல தோல் சிவந்து போச்சு. கம்பெனியை மூடிட்டாங்க. மாத்துக் கட்டில் வர மூணு வாரம் ஆகுமாம். எல்லா இடத்துலயும் தேடிட்டேன். இந்தக் கட்டிலைப் பத்தி உலகத்துலயே இங்க மட்டும்தான் எழுதியிருக்கு. கடைசியில சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. எப்படின்னு ஒரு வரி சொன்னா புண்ணியமாப் போகும்.’

வண்டி வந்தது. பிரேக், கதவு, பை, கைப்பேசி. நான் ஏறுவதற்குள் கட்டை விரல் ஓடத் தொடங்கிவிட்டது. என் திரையிலேயே பார்த்தேன்: அந்தப் பெண்ணின் பத்து வரிக்கு அடியில் அவருடைய உயர்த்திய கட்டை விரல் முளைத்தது. அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

சொல்லலாமா, அது அவர் விஷயமா என்று நான் தயங்கிய அரை நிமிடத்தில் அந்தப் பெண்ணிடமிருந்தே அடுத்த செய்தி வந்தது. அதை நான் உரக்கப் படித்தேன்.

“‘அண்ணா, நீங்க விரல் போட்டதைப் பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. நீங்க இன்னும் இருக்கீங்க. எப்படின்னு மட்டும் சொல்லுங்க.’”

“யாருக்கு இது?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கா? நான் என்ன பண்ணேன்?”

“விரல் போட்டீங்க.”

கைப்பேசியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், சட்டைப் பையில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் ஒரு செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உதடு அசைந்தது. ‘முதுகுல தோல் சிவந்து போச்சு’ என்ற இடத்தில் நின்றது. பிறகு தன்னுடைய பழைய கேள்விக்கு ஏறி, அதன் கீழே இருந்த தன்னுடைய இரண்டு வார்த்தைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

“எப்படிச் சரியாச்சுன்னு எழுதவே இல்லியே, தம்பி.”

“நீங்க எப்பவும் எழுத மாட்டீங்களே.”

“எனக்கு ஞாபகமும் இல்லியே.”

‘ஞாபகம் இல்ல. வீட்டுல கேட்டு இன்னைக்கே சொல்றேன். தூங்கிடாதீங்க’ என்று அனுப்பினார். அனுப்பிய பிறகு, அங்கே அப்போது காலை நேரம் என்று நான் சொன்னேன். “பரவால்ல. அவங்களும் தூங்கியிருக்க மாட்டாங்க” என்றார். எழுந்து கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு வந்தார். சரியான நேரத்துக்கு வண்டியை எடுத்தார்.

*

அந்தக் கட்டில் அவருடைய அண்ணனுக்காக வாங்கியது. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு, அறுவை முடிந்து எட்டு மாதம் இவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார். இப்போது நடக்கிறார், வேறு ஊரில் இருக்கிறார். கட்டிலை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆக, பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அன்று மாலை அவர் வீட்டு அடுக்களை மேசையில் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். முந்நூறு பேருக்கு எந்தப் பல் எப்போது பிடுங்கப்பட்டது என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்.

“மூணு வேலை பண்ணீங்க,” என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “பிளக்கைப் பிடுங்கிட்டு டீ குடிச்சீங்க. அப்புறம் கட்டிலுக்கு அடியில படுத்து அந்த ரிமோட் வயரைக் கழட்டி ஊதினீங்க. சட்டை பூரா தூசி, நான்தானே துவைச்சேன். அப்புறம் ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கிட்டு எண்ணினீங்க. உங்களுக்கு எண்ணிக்கை விட்டுப்போகும்னு நான் கூடவே எண்ணினேன்.”

“இதுல எதுல சரியாச்சு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கட்டில் டாக்டரா?”

அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“டேய், நீயா சரி பண்ண? உன் தொல்லை தாங்காம அது தானா இறங்குச்சுடா.”

“அண்ணா, விளையாடாத. ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு.”

விஷயத்தைக் கேட்டதும் அண்ணனின் குரல் மாறியது. “அப்போ முதல்ல அந்தப் பெரியவரை இறக்கச் சொல்லு. நான் மேல படுத்திருக்கும்போதே தடால்னு விழுந்துச்சே, மறந்துட்டியா? தையல் போட்ட இடத்துல உயிர் போயிடுச்சு. அன்னைக்கு உன்னைத் திட்டின திட்டை உன் குழுவுல எழுதலியாக்கும்?”

 மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஆமாங்க. விழுந்துச்சு. அதை முதல் வரியாப் போடுங்க.”

தொலைபேசியை வைத்த பிறகு ஓட்டுநர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தபடி இருந்தார், அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

“சோம்பேறித்தனம்தான், இல்லேங்கல. ஆனா எனக்கே தெரியாததை என்னன்னு தம்பி எழுதுறது? எல்லாம் அப்படித்தான். அங்க ஒரு தட்டு, இங்க ஒரு தட்டு, ஓட ஆரம்பிச்சுடும். ஓடினதும் ஏன்னு கேட்கப் பயம். கேட்டா மறுபடி நின்னுடுமோன்னு.”

“அப்படியே எழுதுங்களேன்,” என்றார் மனைவி. “தெரியலன்னு எழுதினா யாரு அடிக்கப் போறா?”

எழுதினார். ஒற்றைக் கட்டை விரலால் நாற்பது நிமிடம். வரிக்கு வரி மனைவி திருத்தினார். முடித்துவிட்டு, “தம்பி, நீங்க ரெண்டு மொழி படிச்சவர்தானே, பார்த்துச் சொல்லுங்க” என்று என்னிடம் நீட்டினார். நான் எச்சரிக்கைகள் சேர்த்தேன்: மின்வேலை தெரிந்தவர் உடனிருக்க வேண்டும், ஈரக் கை கூடாது, இது எல்லா மாடலுக்கும் பொருந்தாது, விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. வாங்கிப் பார்த்தார். “இவ்வளவு பயம் காட்டினா அந்தப் பொண்ணு ரிமோட்டைக் கையால தொடாது. அப்பா இன்னொரு ராத்திரி உட்கார்ந்திருப்பார்” என்று ஈரக் கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார். போன செய்தி இதுதான்:

‘முதல்ல அப்பாவை நாற்காலிக்கு மாத்துங்க. அவர் கட்டில் மேல இருக்கும்போது எதையும் தொடாதீங்க. எங்க அண்ணன் படுத்திருக்கும்போதே தடால்னு இறங்கிடுச்சு. நான் மூணு வேலை செஞ்சேன். எதுல சரியாச்சுன்னு எனக்குத் தெரியாது, அதனால மூணையும் சொல்றேன். ஒண்ணு, பிளக்கைப் பிடுங்கி ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டேன். ரெண்டு, பிளக் வெளியில இருக்கும்போதே கட்டிலுக்கு அடியில ரிமோட் வயர் சேர்ற இடத்தைக் கழட்டி, ஊதி மாட்டினேன். ஈரக் கை வேண்டாம். மூணு, பிளக்கைப் போட்டு, ஏத்துற பட்டனையும் இறக்குற பட்டனையும் சேர்த்து அமுக்கி முப்பது எண்ணினேன். இருபத்தெட்டுல இறங்குச்சு. முதல் ரெண்டும் செய்யாம இறங்கியிருக்குமான்னு தெரியல. அடியில கை வைக்காதீங்க. அஞ்சு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கணும். மன்னிச்சுக்கோம்மா.’

குழுவே ஆடிப்போயிற்று. மின்சாரம் மட்டும், “அண்ணா, போனை யாராவது திருடிட்டாங்களா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் உடனே பதில் எழுதினார். அப்பாவைத் தூக்க ஆள் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், நாளை காலை அவர் திரும்பியதும் செய்து பார்க்கிறேன் என்று. மூன்றாவது ராத்திரி. ஓட்டுநர் அதைப் படித்தார், விரல் போடவில்லை. “சரிம்மா” என்று எழுதினார்.

மறுநாள் அவர் ஒவ்வொரு நடை முடிந்ததும் பார்த்திருக்கிறார். நான் அலுவலகத்தில் பதினைந்து முறை பார்த்தேன். மாலை நான் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அது வந்தது. அவர் வண்டியை நிறுத்தி, கையை நீட்டிப் பையைத் துழாவுவதற்குள் நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கைப்பேசியை ஆட்டினேன்.

எடுத்துப் பார்த்தார். ஒரே வரி.

‘சரியாயிடுச்சு, நன்றி.’ பக்கத்தில் ஒரு கை கூப்பல்.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். “ஆயிடுச்சு தம்பி! ஆயிடுச்சாம்!” ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திடுக்கிட்டுப் படியிலேயே நின்றார். பிறகு ஓட்டுநர் அந்த வரியை மறுபடி படித்தார். இன்னும் கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். இல்லை.

“மூணுல எதுன்னு சொல்லலியே.”

 என்னைப் பார்த்தார்; அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழுவின் உச்சிக்குப் போய் மின்சாரத்தின் அறிவிப்பைத் தேடிப் படித்தார். ‘எது பழுது? என்ன செஞ்சீங்க?’ என்று எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அழித்தார். கொஞ்சம் யோசித்து, வேறொன்றை எழுதி, அனுப்பினார். என் திரையிலும் வந்தது.

‘அப்பா படுத்துட்டாராம்மா?’

பதினோரு நிமிடம் முடிந்தது. பதில் வரவில்லை. எழுந்து கடைசி இருக்கை வரை போய், குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கைப்பேசியைப் பைக்குள் வைக்கப் போனவர், அதை என் கையில் கொடுத்தார். முதல் இருக்கையைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன். பூப்போட்ட மெத்தையைத் தட்டிப்போட்டு அவரும் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. முதல் நிறுத்தத்தில் கதவு திறந்தது; இருவர் ஏறினார்கள். அவர்கள் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்தார். பிறகு அதே கண்ணாடியில் பார்வையைக் கொஞ்சம் இறக்கி, என் மடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தலையாட்டினேன், இல்லை என்று. இரண்டாவது நிறுத்தத்திலும் உயர்த்தினார். மூன்றாவதிலும்.